ஏழு டாலரை வாங்க மறுத்தவர்கள்

மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, கறுப்பின அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த நன்றியில் நமக்கும் பங்குண்டு. ஆனால், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்கள் அடிமைகளை விடுவிக்கவே துப்பாக்கி எடுத்தன என்று நம் மேடைகளில் சிலர் பேசும்போது, ஒரு சம்பளக் கணக்கை எடுத்துக் காட்டத் தோன்றுகிறது.

1861-ல் போர் தொடங்கியபோது வடக்கின் முழக்கம், நாடு பிளவுபடாமல் காப்பது என்பதுதான். அடிமை முறை நீடித்த டெலவர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி ஆகிய நான்கு மாநிலங்கள் வடக்கின் பக்கமே இருந்தன. ஓர் அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காக்க முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று 1862 ஆகஸ்டில் எழுதினார் அதிபர் லிங்கன். அவர் வாழ்ந்த இல்லினாய் மாநிலமோ, கறுப்பர்கள் அங்கே வந்து குடியேறக் கூடாது என்று 1853-லேயே சட்டம் போட்டிருந்தது. தீண்டாமை தவறு என்பார்கள். வாடகைக்கு வீடு மட்டும் தர மாட்டார்கள். அப்படிப்பட்டவர்களை நமக்குத் தெரியாதா என்ன?

படையில் சேர வந்த கறுப்பின இளைஞர்களை, இது வெள்ளையர்களின் போர் என்று சொல்லி முதலில் திருப்பி அனுப்பினார்கள். சாவு பெருகி ஆள் பற்றாக்குறை வந்த பிறகே கதவு திறந்தது. 1863 முதல் கறுப்பினப் படைப்பிரிவுகள் பெருமளவில் உருவாயின. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 1,79,000 பேர் சேர்ந்தார்கள். அதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளையர்கள்.

அந்த ஆண்டு ஜூலை 13-ல் கட்டாய ராணுவச் சேர்க்கையை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. கறுப்பர்களை அடித்துக் கொன்றார்கள். கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்தைக் கொளுத்தினார்கள். ஐந்தே நாள் கழித்து, மாசசூசெட்ஸின் 54-வது படைப்பிரிவைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள் தெற்கே வாக்னர் கோட்டை மீது பாய்ந்து, ஏறக்குறைய பாதிப் பேரைப் பலிகொடுத்தும் காயம்படக் கொடுத்தும் நின்றார்கள். அவர்களுடைய வெள்ளைத் தளபதி ராபர்ட் கூல்ட் ஷாவும் அங்கே இறந்தார். அவமதிப்பதாக நினைத்து, எதிரிகள் அவரைக் கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள். மகனின் உடலைத் தோண்டி எடுக்க வேண்டாம், அதைவிடச் சிறந்த இடம் இல்லை என்றார் தகப்பனார். சாதிக்கொரு சுடுகாடு வைத்திருக்கும் ஊர்களில் சொல்லவேண்டிய செய்தி இது.

இப்போது சம்பளக் கணக்கு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைக்குத் தனிப்படி. கறுப்பின வீரருக்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். கையில் 7. சார்ஜென்டாக இருந்தாலும் அதே 7 தான். 54-வது படைப்பிரிவு அதை வாங்க மறுத்தது. குறையும் தொகையை மாநில அரசே தரும் என்றார் ஆளுநர், அதையும் மறுத்தது. வீட்டில் மனைவி மக்கள் பட்டினி கிடக்க, ஓராண்டுக்கும் மேலாகச் சம்பளமே இல்லாமல் போரிட்டார்கள். நாங்கள் படைவீரர்களா, கூலியாட்களா என்று கேட்டு லிங்கனுக்கே கடிதம் எழுதினார் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங். தென் கரோலினாவில் அடிமையாக இருந்து படையில் சேர்ந்த சார்ஜென்ட் வில்லியம் வாக்கர், தன் ஆட்களோடு துப்பாக்கிகளைக் கீழே வைத்தார். கலகம் என்று குற்றம் சாட்டி, 1864 பிப்ரவரியில் வடக்கின் ராணுவமே அவரைச் சுட்டுக் கொன்றது.

1864 ஜூனில் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்கு இணங்கியது. அதிலும் ஒரு பாகுபாடு: 1861 ஏப்ரல் 19-ல் அடிமையாக இல்லாதவர்களுக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பாக்கி, மற்றவர்களுக்கு 1864 ஜனவரியிலிருந்து மட்டும். 54-வது படைப்பிரிவின் தளபதி ஹாலோவெல் ஒரு வழி கண்டார். அந்த நாளில் கூலியில்லாமல் தன்னிடம் வேலை வாங்க யாருக்கும் உரிமை இருக்கவில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தால் போதும். அடிமையாக இருந்தவர்களும் மனசாட்சி உறுத்தாமல் கை உயர்த்தினார்கள்.

கூடிங் அந்தப் பணத்தைப் பார்க்கவில்லை. எதிரிகளிடம் சிறைப்பட்டு, அந்த ஜூலையில் ஆண்டர்சன்வில் முகாமில் இறந்தார். சம ஊதியம் என்ற வாக்குறுதியை நம்பிச் சேர்ந்த முன்னாள் அடிமைகளுக்கும் முதல் நாளிலிருந்தே பாக்கி தரும் சட்டம் 1865 மார்ச்சில் வந்தது. வாக்கரைச் சுட்டு அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.