பிறந்த ஊரும் புகுந்த ஊரும்

பிழைப்பை நாடி வேற்றூர் செல்பவர்க்கு முதலில் வேண்டுவது தங்குவதற்கு ஓர் இடம். ஊரும் மொழியும் கேட்டபின் கதவு சாத்தப்பட்ட அனுபவம் நம்மில் சிலருக்கும் உண்டு. அவ்வாறு சாத்தப்பட்ட கதவொன்றைச் சட்டத்தின் துணையால் தட்டிய கிரிக்கெட் வீரர் ஒருவரை இங்கே அறிந்துகொள்வோம். அவர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த லியரி கான்ஸ்டன்டைன்.

1901-ஆம் ஆண்டு டிரினிடாட் தீவில், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை லெப்ரன், கொக்கோத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். 1900-இலும் 1906-இலும் இங்கிலாந்து சென்று ஆடிய வீரர். மகனோ வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். கறுப்பர்க்கு அங்கே உயர்வு எளிதன்று என்பதை விரைவில் உணர்ந்தார். மட்டையும் பந்துமே அவருக்கு வழி திறந்தன.

1928-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக அவர் முதலில் 86 ஓட்டங்கள் எடுத்தார். பின்பு 57 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை வீழ்த்தினார். இறுதியில் ஒரு மணி நேரத்தில் 103 ஓட்டங்கள் குவித்து வெற்றியைத் தேடித் தந்தார். அப்புகழே அவரை மறு ஆண்டு லங்காஷயரிலுள்ள நெல்சன் என்னும் நெசவாலை ஊருக்கு அழைத்தது. கறுப்பு மனிதரை அதற்குமுன் கண்டிராத சிறுவர் அவர் வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தனராம். அவர் ஆடிய 9 பருவங்களில் நெல்சன் 7 முறை சாம்பியன் ஆயிற்று. ஊரார் அவரைத் தம்மவராகவே ஏற்றனர். 1934-இல் அவர் ஐதராபாத்துக்கும் வந்து மொயின்-உத்-தௌலா தங்கக் கோப்பைப் போட்டியில் ஆடினார்.

உலகப் போரின்போது, இங்கிலாந்துக்கு வந்த மேற்கிந்தியத் தொழிலாளரின் நலனைக் கவனிக்கும் அரசாங்கப் பணி அவருடையதாயிற்று. 1943 ஜூலையில் லார்ட்ஸ் ஆட்டத்திற்காக மனைவி, மகளுடன் லண்டன் சென்றார். இம்பீரியல் ஓட்டலில் நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்தார். வந்து சேர்ந்தபின், ஓர் இரவே தங்கலாம் என்றனர். அங்கிருந்த அமெரிக்கர் ஆட்சேபிப்பர் என்பதே காரணம்.

நிறவேற்றுமையைத் தடுக்கும் தனிச்சட்டம் அந்நாளில் அங்கே இல்லை. ஆயினும், வழிப்போக்கரைத் தங்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவர், இடமிருக்க, தக்க காரணமின்றி எவரையும் மறுத்தலாகாது என்னும் பழைய நெறி இருந்தது. அதையே பற்றுக்கோடாகக் கொண்டு அவர் வழக்குத் தொடுத்தார். 1944 ஜூனில் நீதிபதி பர்க்கெட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இழப்பீடு 5 கினி, அதாவது 5 பவுன் 5 ஷில்லிங் மட்டுமே. தொகை சிறிது; அது நிலைநாட்டிய கருத்தோ பெரிது. பொருள் நட்டம் காட்டப்படாவிடினும், உரிமை மறுக்கப்பட்டதே வழக்கிற்குப் போதுமானது என்பது அதனால் உறுதியாயிற்று. விடுதி முதலிய பொது இடங்களில் நிறவேற்றுமை காட்டுவதை விலக்கும் சட்டம் அந்நாட்டில் 1965-இல்தான் வந்தது.

அவரும் சட்டம் பயின்று 1954-இல் பாரிஸ்டர் ஆனார். தாயகம் திரும்பி அமைச்சராகவும், 1961 முதல் 1964 வரை லண்டனில் டிரினிடாட் நாட்டின் ஹைகமிஷனராகவும் பணியாற்றினார். 1969-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் இடம்பெற்றார். அச்சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பர் அவரே. 1971-இல் காலமானார்.

பிரபுப் பட்டம் ஏற்றபோது தம் பெயரோடு இரண்டு ஊர்களை அவர் இணைத்துக்கொண்டார். ஒன்று, டிரினிடாடில் தாம் வளர்ந்த மராவல். மற்றொன்று, தமக்கு வாழ்வளித்த நெல்சன். பிறந்த ஊரை மறவாமலும், புகுந்த ஊரில் தலை தாழாமலும் வாழ்தல் இயலும் என்பதை அவ்விரு பெயர்களும் நமக்கு உணர்த்துகின்றன.