கைபேசிவழிக் கற்றலில் ஆசிரியரின் குரல்

கைபேசி, கைக்கணினி போன்ற கருவிகளின் துணையோடு வகுப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் நிகழும் கற்றலைக் கல்வியாளர்கள் கைபேசிவழிக் கற்றல் என்பர். தமிழ்நாட்டில் 2018-19ஆம் கல்வியாண்டில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடு, அதாவது கைபேசியின் கேமரா படித்தறியும் கறுப்பு வெள்ளைக் கட்டம், அச்சிடப்பட்டபோது, பாடத்துக்குரிய காணொலியை வீட்டிலிருந்தே திறந்து பார்க்கும் வழி அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் பிறந்தது.

எனினும், கருவி வீட்டில் இருப்பது வேறு, அது குழந்தையின் கைக்கு வருவது வேறு. இந்திய ஊரகக் குழந்தைகளின் கல்வி நிலையை ஆராயும் ஏசர் அறிக்கையின்படி, 2021இல் பள்ளியில் சேர்ந்திருந்த குழந்தைகளில் 67.6 விழுக்காட்டினரின் வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால் அக்குழந்தைகளிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அதைப் பயன்படுத்தும் வாய்ப்பே கிட்டவில்லை.

இந்நிலையில், 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் ஏறத்தாழ 4,500 குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஆழ்ந்த கவனத்துக்குரியது. இணையமோ திறன்பேசியோ தேவைப்படாத அம்முயற்சியில், சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் எளிய கணக்குகள் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பப்பட்டன. வேறு சில குடும்பங்களுக்குக் குறுஞ்செய்தியோடு கற்பிப்பவரின் அழைப்பும் சென்றது. பெற்றோர் கைபேசியின் ஒலிபெருக்கியை இயக்கிவிட்டு அருகில் அமர்ந்திருக்க, கற்பிப்பவர் அந்தக் கணக்கைக் குழந்தையோடு சேர்ந்து படிப்படியாகப் போட்டுப் பார்ப்பார்; பதினைந்து முதல் இருபது நிமிடங்களில் பேச்சு முடிந்துவிடும். குறுஞ்செய்தியை மட்டும் பெற்ற குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படாதிருக்க, அழைப்பையும் பெற்றவர்களின் கணக்குத் திறன் தெளிவாக உயர்ந்தது. பின்னர் இந்தியா, கென்யா, நேபாளம், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இவ்வழியின் பயனை உறுதிசெய்தன.

இவ்வேறுபாட்டுக்கான காரணத்தை ஊகிப்பது கடினமன்று. குழந்தை எந்தப் படியில் தடுமாறுகிறது என்பதைக் கேட்டறிந்து, அடுத்த கேள்வியை அதற்கேற்ப மாற்றிக்கொள்வது உரையாடலில் இயல்பாக நடக்கிறது. அனைவருக்கும் ஒரே வடிவில் செல்லும் செய்தியிலோ காணொலியிலோ அதற்கு இடமில்லை. ஆகவே, பாடக் காணொலிகளைப் பெருக்குவதில் காட்டும் அக்கறையை, பின்தங்கிய மாணவரோடு ஆசிரியர் வாரம் ஒருமுறை பேசுவதற்கான நேரத்தை அவரது பணிநேரத்துக்குள்ளேயே ஒதுக்குவதிலும், அதற்கான அழைப்புச் செலவை ஏற்பதிலும் அரசுகள் காட்ட வேண்டும். சாதாரணக் கைபேசி மட்டுமே உள்ள வீட்டுக் குழந்தையையும் எட்டக்கூடிய திட்டமே பொதுக்கல்வி என்னும் பெயருக்குத் தகுதியுடையது.