விசை தரும் விடையும் கையேடும்

பெங்களூரிலும் புனேயிலும் கணினிப் பணி புரியும் நம்மவர் பலர், திரையில் எழுத்தாலேயே கட்டளையிட்டு வேலை வாங்குகின்றனர். கட்டளையின் முதல் சில எழுத்துக்களை அடித்து 'டேப்' விசையை அழுத்தினால், எஞ்சியதை ஷெல் என்னும் நிரல் நிறைவு செய்துவிடும். பாஷ் என்னும் ஷெல்லில், ஒவ்வொரு கருவிக்கும் உரிய துணைச்சொற்களைத் தனியே எழுதி வைக்கும் வசதி 2000-ஆம் ஆண்டில் வந்தது.

தொல்லையும் அதிலேயே பிறந்தது. கருவியில் புதுத் துணைச்சொல் ஒன்று சேரும். நிறைவுப் பட்டியலில் சேராது. மூலநூல் திருத்தப்பட்டும் மொழிபெயர்ப்பு பழையதாகவே நிற்பதை ஒத்த நிலை இது. விசையை அழுத்திப் பார்த்தவர், அவ்வசதியே இல்லையென்று எண்ணி, பத்து நொடி வேலைக்கு அரைநாள் செலவிடுகிறார்.

அமைப்புக் கோப்புக்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 'கிட்' கருவியில் கணினி முழுமைக்கும், பயனர் ஒருவருக்கும், ஒரு திட்டத்துக்கும் எனத் தனித்தனிக் கோப்புக்கள் உள்ளன. திட்டத்துக்குரியது மற்றவற்றை வெல்லும். கையேட்டில் இவ்வரிசையைப் படியாதவர், பயனற்ற கோப்பையே மீண்டும் மீண்டும் திருத்திக் கொண்டிருப்பார்.

கருவி செய்வோர் கையேட்டைக் கடைசி வேலையாக ஒதுக்குவது நமக்கு உடன்பாடன்று. 2005-இல் தோன்றிய 'ஃபிஷ்' ஷெல், கையேட்டுப் பக்கங்களைப் படித்தே நிறைவுப் பட்டியலைத் தொகுக்க வல்லது. கையேட்டில் ஒரு வரி விளக்கம் சேர்த்துப் பட்டியலைப் புதுப்பித்தால், விசையை அழுத்தும்போது துணைச்சொல்லின் அருகிலேயே அவ்விளக்கமும் தோன்றும்.