கடலைப் புண்ணாக்கில் விளையும் சோப்பு

மாதவரம் என்றதும் சென்னைக்காரர்களுக்குப் பால்தான் நினைவுக்கு வரும். ஆவின் பால்பண்ணையும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகமும் இங்கேதான் இருக்கின்றன. ஊரின் இன்னொரு முகம் எண்ணெய். ரவுண்டானா பக்கம் போனால் லாரிகளும் பழைய இன்ஜின் ஆயில் வாசனையும். பக்கத்து மணலியில் பெட்ரோலிய சுத்திகரிப்பு ஆலை. பாலையும் எண்ணெயையும் ஒன்றாக வைத்து யோசித்த ஓர் ஆராய்ச்சி தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது என்பதை இந்த ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அது நடந்த இடம் பறங்கிப்பேட்டை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். ஆர். தவசி, எஸ். ஜெயலட்சுமி ஆகியோர் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் பனாத்துடன் சேர்ந்து, நுண்ணுயிர்கள் சுரக்கும் பயோசர்ஃபாக்டன்ட்டுகளை, அதாவது சோப்புபோல் வேலை செய்யும் பொருள்களை, ஆராய்ந்தார்கள். நுண்ணுயிர்களுக்கு அவர்கள் போட்ட தீனியில் பழைய இன்ஜின் ஆயிலும் கடலைப் புண்ணாக்கும் உண்டு. 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில் அவர்கள் வளர்த்தது லாக்டோபேசில்லஸ் டெல்புரூக்கி. பாலை யோகர்ட்டாக்குவது இந்த இனத்தின் ஒரு வகைதான். புண்ணாக்கைத் தின்று அது லிட்டருக்கு 5 கிராமுக்குச் சற்று அதிகமாகவே பயோசர்ஃபாக்டன்ட் தந்தது.

இந்தப் பொருளின் மூலக்கூறில் ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நல்ல பயோசர்ஃபாக்டன்ட் அதை 30-க்கும் கீழே இறக்கிவிடும். பாளமாக மிதக்கும் எண்ணெய் நுண்துளிகளாக உடையும்போது, எண்ணெய் தின்னும் பாக்டீரியாக்களுக்கு வாய் வைக்க இடம் பல மடங்கு பெருகுகிறது. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெயைக் கொட்டியபோது, கரையிலிருந்த பாக்டீரியாக்களை ஊக்குவிக்க உரம் தெளித்தார்கள். உரத்தை அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்பது அந்த வழியின் பலவீனம். உரமே இல்லாமல் பயோசர்ஃபாக்டன்ட்டை மட்டும் சேர்த்தாலும் கச்சா எண்ணெய் பெருமளவு சிதைகிறது என்று பறங்கிப்பேட்டைக் குழு காட்டியது. அவர்கள் கண்டதில் நமக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுவே என்பது என் எண்ணம்.

ஏனென்றால் நம் கரையில் எண்ணெய் திரும்பத் திரும்பக் கொட்டுகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரை ஒதுங்கிய கசடை மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். அள்ளியதைத் துறைமுக வளாகத்தில் குழி வெட்டிப் போட்டு, இந்தியன் ஆயிலும் டெரி ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கிய பாக்டீரியாக் கலவையைச் சேர்த்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. படகும் வலையும் பாழாகின. அப்போதும் மக்கள் கையில் இருந்தது வாளியும் முறமும்தான்.

அப்படியென்றால் இந்தச் சோப்பு ஏன் நம்மிடம் பீப்பாய் பீப்பாயாக இல்லை? லிட்டருக்கு 5 கிராம் என்றால், ஒரு டன் எடுக்க 2 லட்சம் லிட்டர் வளர்ப்புநீர் வேண்டும். அதிலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்துவதற்குச் செலவு பிடிக்கும். ராம்னோலிப்பிட் என்ற வகையைத் தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா நோயாளிகளைத் தாக்கக்கூடிய கிருமி. தொட்டியில் காற்றை ஊதினால் நுரை பொங்கி வழியும். இத்தனைக்கும் வழி கண்டு, ஜெர்மனியின் ஈவோனிக் நிறுவனம் 2024-இல் ஸ்லோவாக்கியாவில் ராம்னோலிப்பிட் ஆலையைத் திறந்துவிட்டது. அங்கே மூலப்பொருள் சர்க்கரை.

பால் பாக்டீரியாவுக்குக் காற்று ஊத வேண்டியதில்லை; நோய் பயமும் மிகக் குறைவு. அதை வளர்க்கத் தெரிந்தவர்கள் மாதவரத்தில் இருக்கிறார்கள். புண்ணாக்கு தமிழ்நாட்டில் எந்தச் செக்கிலும் கிடைக்கும். ஒரு சிறிய முன்னோடி ஆலையை இங்கே அரசு தொடங்கலாம், அதற்கு மணலி ஆலைகள் பணம் கொடுக்கலாம். ஆலை வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கால்வாயில் எண்ணெய் விடுவதை மட்டும் யாரும் நியாயப்படுத்தக் கூடாது. ஆலைக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. எண்ணூரின் அலையாத்தி வேர்களுக்கடியில் இருப்பது காற்றுப் புகாத சேறு. அதன் உப்பு ஏற்றவற்றத்தோடு மாறும். ஆய்வகக் குடுவையில் வென்ற பாக்டீரியா அந்தச் சேற்றில் என்ன செய்கிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்க, மீனவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, சோதித்துப் பார்க்க வேண்டும்.