சப்தம் ஓய்ந்த பிறகு

2009 மார்ச் 3-ஆம் தேதி முற்பகலில், ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றுக்கு எதிரேயுள்ள கடைக்கு இடைவேளையில் வந்த தொழிலாளிகள், கையிலிருந்த டீ ஆறிப்போவதையும் உணராமல், லாகூரில் குண்டு துளைத்த பஸ்ஸைத் தொலைக்காட்சியில் பார்த்தபடி நின்றதும், "நம்ம சென்னை மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று இலங்கைக் கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனைக் குறித்து ஒரு பெரியவர் திரும்பத் திரும்ப விசாரித்ததும் என் ஞாபகத்தை விட்டு அகலவில்லை.

இரண்டாவது டெஸ்டின் மூன்றாம் நாள் ஆட்டத்துக்காகக் கடாபி ஸ்டேடியத்துக்குப் பிரயாணமான இலங்கை அணியை வழியிலே சுட்டார்கள். போலீஸ்காரர் ஆறு பேர் உட்பட எட்டுப் பேர் மாண்டனர். டிரைவர் மெஹர் முகமது கலீல் பஸ்ஸை நிறுத்தாமல் ஓட்டிச் சென்றதால்தான் பஸ்ஸில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். அந்தத் தொடரில் 231, 214 என்று இரண்டு இரட்டைச் சதங்கள் குவித்த திலான் சமரவீராவின் தொடையில் தோட்டா பாய்ந்திருந்தது.

ஆபத்து வேளையில் மூளையின் அமிக்டலா என்னும் பகுதி, யோசிக்க அவகாசம் தராமல் சரீரம் முழுவதையும் ஓடவோ எதிர்க்கவோ ஆயத்தப்படுத்துகிறது. அந்த க்ஷணத்தின் ஞாபகம், கதைபோல வரிசையாக அமையாமல், சப்தமும் வாசனையுமாகத் துண்டுதுண்டாகத் தங்கிவிடுவதால், மாதங்கள் சென்றபின் கல்யாண ஊர்வலத்துச் சரவெடி கேட்டாலும், 'பட்டாசுதான்' என்று புத்தி சொல்லி முடிப்பதற்குள் ஹிருதயம் படபடக்கத் தொடங்கிவிடுகிறது. இதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்வது பாவம் என்றே சொல்வேன். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் துர்ஸ்வப்னமும் திடுக்கிடலும் விடாவிட்டால் வைத்தியம் அவசியம்.

தூரத்தில் இருப்போரும் இதற்குத் தப்புவதில்லை. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபின் நடந்த ஆராய்ச்சியில், அச்செய்திகளிலேயே தினமும் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் மூழ்கியிருந்தவர்கள், ஸ்தலத்தில் இருந்தவர்களைவிடக் கடுமையான மன உளைச்சலைச் சொன்னார்கள். அன்று அந்தப் பெரியவரை யாரேனும் கைபிடித்து வெளியே அழைத்துப் போயிருக்கலாம். நானும்தான் பக்கத்தில் நின்றேன், எனக்கு அது தோன்றவில்லை.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில், சிகிச்சைக்கு வருபவரோடு வீட்டாரும் தங்கியிருப்பது நெடுங்கால வழக்கம். சித்தம் கலங்கியவரைத் தனித்துவிடாமல், பழகிய முகம் ஒன்றை அருகிலேயே இருக்கச் செய்யும் அந்த ஏற்பாட்டை, மருந்துக்குச் சமமாகவே மதிக்கிறேன்.

லாகூரில் அணியின் பின்னே வேனில் வந்த நடுவர் அஹ்சன் ரஸா, குண்டு பாய்ந்து உயிருக்குப் போராடிப் பிழைத்தார். 2015 மே மாதம் ஜிம்பாப்வே அணி வந்து, அதே ஸ்டேடியத்தில் சர்வதேச ஆட்டம் மறுபடியும் நடந்தபோது, நடுவராக மைதானத்தில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர்.