மரத்தொட்டியும் ஐஸ் பெட்டியும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர் அதிகம் யோசித்து வாங்கவேண்டிய பாத்திரம் அடுப்பில் ஏறுவதல்ல. வெந்நீரையும் தானியத்தையும் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சூடு ஆறாமல் வைத்திருக்கும் மேஷ் டன்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து, 66 டிகிரி செல்சியஸ் அளவில் ஊறவிட்டால், தானியத்திலுள்ள நொதிகளே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடும். சூடு 62 பக்கம் இறங்கினால் பீர் மெலிந்துபோகும்; 70-ஐ நெருங்கினால் கனத்து நிற்கும். ஊறியபின் உமி உள்ளேயே தங்க, சாறு மட்டும் வடிய வேண்டும். சூட்டைக் காப்பது, வடிகட்டுவது: அன்றும் இன்றும் பாத்திரத்துக்கு இந்த இரண்டே வேலை.

அந்நாள் இங்கிலாந்துப் பண்ணை வீடுகளில் இதைச் செய்தது மரத்தொட்டி. கனத்த மரம் சூட்டை எளிதில் விடாது. வடியும் துளைக்கு உட்புறம் வைக்கோலோ சுள்ளிக் கட்டோ வைத்து உமியைத் தடுத்தார்கள். பின்லாந்தில் சஹ்தி என்ற பீருக்கு, குடைந்த மரத்துண்டில் ஜூனிப்பர் கிளைகளைப் பரப்பி வடித்தார்கள்; அந்த இலையின் வாசம் பீரிலும் ஏறியது. தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், கொதித்த நீரின் ஆவி அடங்கித் தன் முகம் அதில் தெரியும்வரை காத்திருந்து, பிறகே தானியத்தைக் கொட்டுவார்கள். அனுபவம் கண்ணில் இருந்தது. மரத்தைக் கழுவுவதுதான் தீராத பாடு. இடுக்கில் தங்கிய சாறு புளித்து அடுத்த முறையையும் கெடுத்துவிடும்.

பாத்திரத்தோடு சட்டமும் மாறியது. பிரிட்டனில் 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்துவிட்டு பீர்மேல் வரி போட்டார். வீட்டில் காய்ச்சவும் உரிமம் தேவைப்பட்டது. அந்தக் கட்டு 1963-ல்தான் நீங்கியது. அமெரிக்காவில் 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே வீட்டு பீருக்கு மத்திய அரசின் அனுமதி கிடைத்தது.

அங்கேதான் சுற்றுலாவுக்குக் குளிர்பானம் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி மேஷ் டன் ஆனது. குளிரை உள்ளே வைக்கும் சுவர் சூட்டையும் வைக்கும் என்று யாருக்கோ தோன்றியது எவ்வளவு நல்ல யோசனை! பெட்டியின் குழாயைக் கழற்றிவிட்டு வால்வு பொருத்துவார்கள். தண்ணீர்க் குழாய்மேல் பின்னியிருக்கும் துருப்பிடிக்காத எஃகு வலையை உருவி, உள்ளிருக்கும் ரப்பரை எறிந்துவிட்டு, ஒரு முனையை மடித்து அடைத்து, மறுமுனையை வால்வில் மாட்டினால் வடிகட்டி தயார்.

19 லிட்டர் பீருக்கு ஏறக்குறைய 5 கிலோ மால்ட், அதை ஊறவைக்க 14 லிட்டர் நீர். தானியம் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் நீர் 73 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கட்டி தட்டாமல் கிளறி மூடினால், ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிக்குமேல் இறங்காது. இதற்கு 38 லிட்டர் உருளைப் பெட்டி தாராளம். அகன்ற பெட்டியைவிட உயர்ந்த உருளை மேல்; தானியப் படுகை ஆழமாக இருந்தால்தான் சாறு தெளிந்து வடியும். ஆனால் பெரிய பெட்டியில் கொஞ்சம் தானியம் போட்டால் மேலிருக்கும் காலியிடம் சூட்டைத் தின்றுவிடும்.

இன்று ஆஸ்திரேலியர்கள் பரப்பிய முறையில் ஒரே பானையும் ஒரு துணிப்பையும் போதும். ஊறியதும் பையைத் தூக்கிவிடலாம். நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர் போன்ற மின்சாரக் கலன்கள் சாற்றைச் சுழலவிட்டு, வைத்த சூட்டைத் தாமே காக்கின்றன. இடம் குறைந்த வீட்டுக்குப் பை போதும் என்பேன். ஈரத் தானியத்தைத் தூக்கும் தோள்பலம் மட்டும் வேண்டும். மின்சாரக் கலனின் வசதியை மறுக்க முடியாது, விலையையும்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இன்னும் ஐஸ் பெட்டியையே சொல்வேன். சூடு ஏன் இறங்கியது, வடிதல் ஏன் நின்றது என்று அதில் தாமே கண்டுபிடித்தாக வேண்டும். அப்படித்தான் தானியத்தின் போக்கு பிடிபடும்.