வெளிநாட்டிலிருந்து பணம் வர எந்த நம்பரைக் கொடுக்கணும்?



துபாய், சவுதி என்று வேலைக்குப் போன வீட்டுக்காரரோ மகனோ பணம் அனுப்பும் முன், "பேங்க் விவரம் சொல்லு" என்று போனில் கேட்பார்கள். அவசரத்தில் வாயால் சொல்ல வேண்டாம். பாஸ்புக் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதி அனுப்புங்கள். மின்னணு முறையில் வரும் பணத்தை, பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. ஒரு எண் மாறினால் பணம் யார் கணக்குக்கோ போயிடும்.

அடுத்து ஐ.எஃப்.எஸ்.சி. கோடு. இது உங்கள் கிளையைக் காட்டும். மொத்தம் 11 இடம்; ஐந்தாவது இடத்தில் வருவது பூஜ்யம், 'ஓ' எழுத்து அல்ல. 2020-ல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு சேர்ந்ததே, அந்த மாதிரி இணைந்த வங்கிகளின் பழைய பாஸ்புக்கில் உள்ள கோடு இப்போது செல்லாது. புது பாஸ்புக் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்விஃப்ட் கோடு என்பது வங்கிக்கு உலக அளவில் உள்ள விலாசம். 8 அல்லது 11 இடம் இருக்கும். கிராமத்துக் கிளைகளுக்குப் பெரும்பாலும் தனியாக இருக்காது. எந்தக் கிளையின் கோடைக் கொடுப்பது என்று மேனேஜரிடம் கேளுங்கள்.

சில படிவத்தில் 'ஐபேன்' என்று கேட்டிருக்கும். துபாய்க் கணக்குக்கு அது 23 இடம், சவுதிக்கு 24. நம் நாட்டு வங்கிகளில் ஐபேன் கிடையாது. "உனக்கு மட்டும் இல்லையா?" என்று அங்கிருந்து சத்தம் போட்டாலும் பயப்படாதீங்க, கணக்கு எண்ணே போதும்.

குழுக் கணக்கு எண்ணைக் கொடுக்காதீங்க, சொந்தக் கணக்குதான். பணம் வந்து சேர ஓ.டி.பி.யும் ஏ.டி.எம். பின் நம்பரும் தேவையே இல்லை. அதைக் கேட்டு யார் பேசினாலும் போனை வைத்துவிடுங்கள்.